‘நீக்கப்பட்டது’ என்பவரும் ‘அருமை தோழர்’ என்பவரும்

எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஒரு சனிக்கிழமையை இணையக் கலைக்களஞ்சியத்தில் எழுதிப் பழகுவதற்கென்று ஒதுக்கினோம். பன்னிரண்டு பேர் வந்தார்கள். மடிக்கணினி நான்கு பேரிடம் இருந்தது, மற்றவர்களிடம் கைப்பேசி. வந்தவர்களில் பெரும்பாலோர் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போனவர்கள்.

அதில் ஒரு தங்கை, சட்டக் கல்லூரி இரண்டாமாண்டு மாணவி, தன் தாத்தாவைப் பற்றி எழுதினாள். தாத்தா சிதம்பரம் நந்தனார் பள்ளியில் படித்தவர். ஊருக்குத் திரும்பி, சேரியில் இரவுப் பள்ளி நடத்தியவர். விளக்குக்கு எண்ணெய் வாங்க வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி சேர்த்து விற்றிருக்கிறார்கள். நானூறு சொற்கள் எழுதிவிட்டு என்னிடம் காட்டினாள். படித்தேன், கண் கலங்கியது. “அருமை தோழர், போடுங்க” என்றேன். போட்டாள்.

அரை மணி நேரம் ஆகவில்லை, கட்டுரை இல்லை. இருந்த இடத்தில் ஒரே வரி: ‘குறிப்பிடத்தக்கமை இல்லை. விளம்பர நடை. நீக்கப்பட்டது.’

அந்த வரியை இரண்டு மூன்று முறை படித்துவிட்டு அவள் கேட்டாள்: “அண்ணா, எங்க தாத்தா குறிப்பிடத்தக்கவர் இல்லையா?”

என்னிடம் பதில் இல்லை. அடுத்த சனிக்கிழமை அவள் வரவில்லை.

எந்தக் கலைக்களஞ்சியம், நீக்கியவர் யார் என்று சொல்லப்போவதில்லை. ஒருவர் மீது வழக்குப் போடுவது இந்தக் கட்டுரையின் நோக்கமல்ல. அப்படிப் போட்டால் முதல் குற்றவாளிக் கூண்டில் நான்தான் நிற்க வேண்டும். அன்று அவளை ஏமாற்றியவர்கள் இரண்டு பேர். ஒருவர் படிக்காமலே நீக்கியவர். இன்னொருவர் படித்துவிட்டும் உண்மையைச் சொல்லாதவர். இரண்டாமவர் நான்.

விதி தப்பா?

நம் வட்டாரத்தில் இப்படி ஒன்று நடந்தால் உடனே வரும் விளக்கம் ஒன்று உண்டு. ‘விக்கிப்பீடியாவே பார்ப்பனியம், அதன் விதிகளே நமக்கு எதிரானவை.’ சொல்லிவிட்டு ஒரு திரைப்பிடிப்பைப் போட்டு, நூறு பேர் கோபக்குறி இட்டு, அத்தோடு முடிந்துவிடும். எழுதிய பெண் எழுதாமலே போய்விடுவாள்.

இது சோம்பேறித்தனமான பதில். விதியை முதலில் புரிந்துகொள்வோம்.

விக்கிப்பீடியா 2001 ஜனவரியில் தொடங்கியது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் வந்தது. யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்ற ஓர் இடம் இத்தனை ஆண்டுகள் நிலைத்து நிற்பதற்குக் காரணம் அதன் சில அடிப்படை விதிகள். எழுதுவதை வாசகர் சரிபார்க்க முடிய வேண்டும். சொந்த ஆய்வை அங்கே முதன்முதலில் வெளியிடக் கூடாது. நடுநிலையாக எழுத வேண்டும். ஒருவரைப் பற்றித் தனிக்கட்டுரை வேண்டுமென்றால், அவரோடு தொடர்பில்லாதவர்கள் அவரைப் பற்றி ஓரளவு விரிவாக ஏற்கெனவே எழுதியிருக்க வேண்டும். ‘குறிப்பிடத்தக்கமை’ என்ற அந்தக் கரடுமுரடான சொல்லுக்கு அங்கே இவ்வளவுதான் பொருள். ஒரு மனிதரின் மதிப்பை அது அளக்கவில்லை. அவரைப் பற்றி வெளியில் எவ்வளவு அச்சேறியிருக்கிறது என்பதை மட்டுமே அளக்கிறது.

இந்த விதிகள் இல்லாவிட்டால் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள். சாதிப் பெருமைக் கும்பலுக்குத்தான். ‘நாங்கள் ஆண்ட பரம்பரை’ என்று எழுதுகிறவர்களுக்குச் சான்று கேட்கும் விதி எப்போதும் எரிச்சல்தான். எட்கர் தர்ஸ்டன் 1909இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள் பற்றிய நூலையும் அதுபோன்ற காலனியக் கால நூல்களையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடர்ந்து எழுதுகிறவர்கள், சாதி பற்றிய கூற்றுகளுக்கு அந்தக் காலத்து இனவரைவியல் நூல்களை நம்பத்தகுந்த சான்றாக ஏற்பதில்லை. ஓயாமல் சண்டை நடக்கும் பக்கங்கள் சிலவற்றைத் தொடுவதற்கு 30 நாள் பழைய கணக்கும் 500 தொகுப்புகளும் வேண்டும் என்று பூட்டி வைத்திருக்கிறார்கள். அந்தப் பூட்டு நம் மீதும் விழுகிறது, உண்மைதான். ஆனால் யாரைத் தடுக்க அது போடப்பட்டது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நேர்மை.

இன்னொன்றும் பாருங்கள். 2025 ஜனவரியில் ஒரு பத்திரிகையாளர், ஃபாத்திமா ஷேக் என்று ஒருவர் இருந்ததே இல்லை, அது தான் கற்பனையாக உருவாக்கிய பெயர் என்று அறிவித்தார். அதற்கு என்ன வைத்துப் பதில் சொல்ல முடிந்தது? நம் கோபத்தை வைத்தா? சாவித்திரிபாய் புலே 1856 அக்டோபர் 10 அன்று ஜோதிராவுக்கு எழுதிய கடிதத்தில் ஃபாத்திமாவின் பெயர் இருக்கிறது. அந்த ஒரு கடிதம் போதுமானதாக இருந்தது. வரலாறு மறுக்கப்படுகிறவர்களுக்குத்தான் சான்று அதிகம் தேவை. மற்றவர்களுக்கு அது அலங்காரம், நமக்கு உயிர்.

ஆகவே விதி நமக்கும் வேண்டும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

ஒற்றை வரியின் வன்முறை

2018இல் டோனா ஸ்டிரிக்லாண்ட் என்ற கனடா நாட்டு இயற்பியலாளரைப் பற்றி ஒருவர் ஆங்கில விக்கிப்பீடியாவுக்கு வரைவு ஒன்றை அனுப்பினார். தனிக்கட்டுரைக்குத் தேவையான சான்றுகள் இல்லை என்று அந்த ஆண்டு மே மாதம் அது நிராகரிக்கப்பட்டது. அக்டோபர் 2 அன்று ஸ்டிரிக்லாண்டுக்கு இயற்பியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. உலகின் பெரிய கலைக்களஞ்சியத்தில் அன்று காலைவரை அவருக்கு ஒரு பக்கம் இல்லை.

நிராகரித்தவர் விதியை மீறவில்லை. வரைவில் போதுமான சான்று இல்லை என்பது சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் ஸ்டிரிக்லாண்ட் 2013இலேயே அமெரிக்காவின் ஒளியியல் சங்கத்துக்குத் தலைவராக இருந்தவர். ‘இங்கே தேடுங்கள், கிடைக்கும்’ என்று ஒரு வரி சொல்லியிருந்தால் அந்தப் புதியவர் தேடியிருப்பார். வரைவில் இல்லாததைச் சுட்டியதோடு வேலை முடிந்துவிட்டது. எங்கே இருக்கிறது என்று காட்டுவது யாருடைய வேலையாகவும் இல்லை.

இது ஒரு தனி நிகழ்வல்ல. ஆங்கில விக்கிப்பீடியாவில் தொடர்ந்து எழுதுவோர் எண்ணிக்கை 2007இல் உச்சம் தொட்டுப் பிறகு சரிந்தது. ஏன் என்று ஆரோன் ஹாஃபேக்கரும் அவருடன் பணியாற்றியவர்களும் ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார்கள். குப்பையைத் தடுக்க உருவாக்கிய தானியங்கிகளும் தயார்நிலை எச்சரிக்கை வாசகங்களும், நல்லெண்ணத்தோடு வந்த புதியவர்களையும் சேர்த்துத் துடைத்து வெளியே தள்ளின. முதல் முயற்சியே நிராகரிக்கப்பட்டவர்கள் திரும்பி வரவில்லை. இத்தனைக்கும் ‘புதியவர்களைக் கடிக்காதீர்கள்’ என்று அதே விக்கிப்பீடியாவில் வழிகாட்டியே எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதி வைத்த நல்ல சட்டங்கள் நடைமுறையில் என்னவாகும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இப்போது இதைச் சாதியச் சமூகத்தில் வைத்துப் பாருங்கள். அப்பா பேராசிரியர், மாமா பத்திரிகை ஆசிரியர் என்று வளர்ந்த ஒருவரின் கட்டுரை நீக்கப்பட்டால், அவர் இரவு உணவு மேசையிலேயே ‘என்ன பண்ணணும்’ என்று கேட்டுவிடுவார். மறுநாள் இரண்டு மேற்கோள்களோடு திரும்பிப் போடுவார். விளக்கம் இல்லாத ஒற்றை வரி அவரை ஒன்றும் செய்யாது, ஏனென்றால் விளக்கம் அவர் வீட்டிலேயே இருக்கிறது.

எங்கள் தங்கைக்கு அது இல்லை. அவளுக்கு இருப்பது வேறொரு அனுபவம். பள்ளியில், விடுதியில், கல்வி உதவித்தொகை வாங்கும் வரிசையில், நேர்காணலில், ‘தகுதி இல்லை’ என்ற சொல்லை அவள் ஏற்கெனவே பலமுறை கேட்டிருக்கிறாள். ‘குறிப்பிடத்தக்கமை இல்லை’ என்று ஒருவர் கலைச்சொல்லில் எழுதும்போது, அவள் காதில் விழுவது அந்தப் பழைய சொல்தான். எழுதியவர் அப்படி நினைத்து எழுதவில்லை என்று வாதாடலாம். எழுதியவரின் எண்ணம் இங்கே கேள்வியே அல்ல. விளக்கம் சொல்லாமல் விடும்போது யார் திரும்பி வருகிறார்கள், யார் வராமல் போகிறார்கள் என்பதே கேள்வி. அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், ‘எல்லோருக்கும் ஒரே விதி’ என்பது எல்லோருக்கும் ஒரே கதவாக இல்லை.

துரோணர் ஏகலைவனின் கட்டைவிரலை வாங்கிய கதையை நாம் அடிக்கடி சொல்கிறோம். அதற்கு முன்பு அவர் செய்ததை மறந்துவிடுகிறோம். முதலில் அவர் சொல்லிக்கொடுக்க மறுத்தார். கட்டைவிரல் பிறகுதான் வந்தது.

சான்று எங்கே போனது?

நீக்குகிறவர் அறிந்திருக்க வேண்டிய இன்னொன்று உண்டு. அச்சில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதைத் தீர்மானித்ததும் சாதிதான்.

அம்பேத்கர் 1920 ஜனவரி 31 அன்று ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கினார். அதற்கான விளம்பரத்தைக் காசு கொடுத்தும் வெளியிட மறுத்தது திலகர் தொடங்கிய ‘கேசரி’. அந்த நாளின் ‘கேசரி’யை மட்டும் புரட்டுகிறவருக்கு அப்படி ஓர் இதழ் வந்ததே தெரியாது.

லாகூரின் ஜாத்-பாத் தோடக் மண்டல், தன் 1936 மாநாட்டில் தலைமையுரை ஆற்ற அம்பேத்கரை அழைத்தது. உரையின் சில பகுதிகளை நீக்கச் சொன்னது. ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மறுத்தார். மாநாடே நின்றுபோனது. தன் செலவில் அதை அச்சிட்டார். அதுதான் ‘சாதி ஒழிப்பு’. அதைத் தமிழில் கொண்டுவந்தது பெரியாரின் ‘குடி அரசு’. இன்றைய கலைக்களஞ்சிய மொழியில் அது ‘சுயமாக வெளியிட்ட நூல்’. சுயமாக வெளியிட்டவற்றை ஐயத்தோடு பார்க்க வேண்டும் என்ற விதியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நூல் ஏன் சுயமாக வெளியிடப்பட்டது என்று கேட்கத் தெரியாதவர் அந்த விதியைக் கையில் எடுக்கக் கூடாது.

நம் ஊருக்கு வருவோம். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அயோத்திதாசர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கி, 1914இல் இறக்கும்வரை நடத்தினார். அவருடைய எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுத்துப் பாளையங்கோட்டையிலிருந்து பெரும் தொகுதிகளாக வெளிவந்தது 1999இல். இடையில் 85 ஆண்டுகள். 1869 தொடங்கி 1943 வரை வந்த தலித் இதழ்களைப் பற்றி ஜெ. பாலசுப்பிரமணியம் ஒரு நூலே எழுதியிருக்கிறார். இத்தனை இதழ்களா என்று அதைப் படித்து வியந்தவர்களில் நானும் ஒருவன். 1990இல் ஒருவர் அயோத்திதாசரைப் பற்றிக் கட்டுரை எழுதி, மேலோட்டமாகத் தேடிய ஒருவர் ‘போதிய சான்று இல்லை’ என்று நீக்கியிருந்தால், விதிப்படி அவர் சரியாகவே இருந்திருப்பார். வரலாற்றின்படி பெரும் தவறு செய்திருப்பார்.

இதனால்தான் கருத்துரைப்பது அரசியல் வேலை என்கிறேன். சான்று இல்லை என்று சொல்வது எளிது. எங்கே தேட வேண்டும் என்று சொல்வதற்கு வாசிப்பு வேண்டும். செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைத் தெரிந்தவர்தான் பஞ்சமி நிலம் பற்றி எழுதும் புதியவருக்கு வழிகாட்ட முடியும். எம்.சி. ராஜா, இரட்டைமலை சீனிவாசன், சுவாமி சகஜானந்தர் ஆகியோர் சட்டமன்றத்தில் பேசியவை அரசுப் பதிவேடுகளில் இருக்கின்றன என்று சொல்ல, அதை முன்பே அறிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த ஒருவராக நாம் இல்லையென்றால் வேறு யார் இருப்பார்கள்?

நம் பக்கத்துப் பொய்

இப்போது என்னிடம் வருகிறேன். ‘அருமை தோழர்’ என்று நான் ஏன் சொன்னேன்?

அவளைப் புண்படுத்தக் கூடாது என்று நினைத்தேன். முதல் முயற்சி, உற்சாகப்படுத்துவோம் என்று நினைத்தேன். இன்னும் நேர்மையாகச் சொன்னால், சரிசெய்ய உட்கார்ந்தால் இரண்டு மணி நேரம் ஆகும், ‘அருமை’ என்றால் இரண்டு நொடி.

அந்தக் கட்டுரையில் ஒரு சான்றுகூட இல்லை. ‘எங்கள் தாத்தா’ என்று தொடங்கியது. ‘தன்னலமற்ற மாமனிதர்’ என்று மூன்று இடத்தில் இருந்தது. அது நிற்காது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே அவளைத் தனியாக அனுப்பினேன்.

நம் இயக்கங்களில் இது ஒரு நோய். ஒடுக்கப்பட்ட பின்னணியிலிருந்து வரும் இளைஞர் எழுதினால், பேசினால், படம் எடுத்தால், ‘அருமை’, ‘மிரட்டல்’, ‘வேற லெவல்’. அதையே ஒரு முற்பட்ட சாதி நண்பர் எழுதிக் காட்டினால், இரண்டாம் பத்தியில் தர்க்கம் சறுக்குகிறது என்று உட்கார்ந்து பேசுவோம். யாரைச் சமமாக நடத்துகிறோம் இதில்? குறை சொல்லத் தகுந்தவர் என்று ஒருவரை நினைப்பதும் மரியாதைதான். குறையே சொல்லாமல் தட்டிக்கொடுப்பது, ‘உன்னால் இதற்குமேல் முடியாது’ என்பதை இனிப்பு தடவிச் சொல்வது.

இன்னொரு வகையினரும் உண்டு. ‘நகருங்க தோழர், நான் சரிபண்ணித் தரேன்’ என்று விசைப்பலகையை வாங்கி முழுவதும் தாங்களே எழுதிவிடுவார்கள். கட்டுரை நிற்கும். எழுதியவர் நிற்கமாட்டார். தொகுப்பு வரலாற்றில் இருப்பது யார் பெயர் என்று பாருங்கள்.

எப்படிச் சொல்வது?

கோபத்தோடு நிறுத்தினால் இதுவும் ஒரு திரைப்பிடிப்புப் பதிவுதான். எனவே, செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். பெரிய வித்தை ஏதுமில்லை.

முதலில், படித்திருக்கிறோம் என்பதைக் காட்ட வேண்டும். ‘நன்று’ என்பது படித்ததற்கு அடையாளம் ஆகாது. இந்த வரி, இந்தத் தகவல் எனக்குப் புதிது என்று குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, ஒரு தடவைக்கு ஒரு குறை. சான்றே இல்லாத கட்டுரையில் ஒற்றுப்பிழை திருத்திக்கொண்டிருக்கக் கூடாது. எது சரியாகாவிட்டால் கட்டுரை நிற்காதோ அதை முதலில் சொல்ல வேண்டும். மற்றவை அடுத்த வாரம்.

மூன்றாவது, கலைச்சொல்லை வீட்டுப் பேச்சில் சொல்ல வேண்டும். ‘குறிப்பிடத்தக்கமை இல்லை’ என்பதற்குப் பதில், ‘அவரோடு சம்பந்தமில்லாத யாராவது அவரைப் பற்றிப் புத்தகத்திலோ பத்திரிகையிலோ எழுதியிருக்கிறார்களா, ஒன்றிரண்டு இருந்தால் இந்தப் பக்கம் நிற்கும்’ என்று சொல்லலாம்.

நான்காவது, ஒரு வாக்கியத்தை எடுத்துச் செய்து காட்ட வேண்டும். நடுநிலை என்றால் கோழைத்தனம் என்று நம் இளைஞர்கள் நினைக்கிறார்கள். அவர்கள் மீது தப்பில்லை. சாதிப் படுகொலையை ‘இரு பிரிவினரிடையே மோதல்’ என்று எழுதும் பத்திரிகைகளைத்தான் அவர்கள் நடுநிலை என்ற பெயரில் பார்த்திருக்கிறார்கள். ஒரு பயிற்சியில் ஒரு தம்பி இப்படி எழுதினார்: ‘ஈவிரக்கமற்ற சாதிவெறி மிருகங்கள் வெண்மணியில் அப்பாவி மக்களைக் கொடூரமாக எரித்துக் கொன்றன.’

அவரிடம் ‘உணர்ச்சிவசப்படாதீர்கள்’ என்று சொல்வது வீண். உட்கார்ந்து இதை எழுதிக் காட்டினோம்: ‘1968 டிசம்பர் 25 இரவு, அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தின் கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்டுப் போராடிய தலித் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேரை நிலவுடைமையாளர்களின் கும்பல் குடிசைக்குள் வைத்து எரித்துக் கொன்றது. இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும்.’

எது கனமாக இருக்கிறது என்று கேட்டோம். தம்பியே சொன்னார், இரண்டாவதுதான் என்று. முதல் வாக்கியத்தை எதிரி ‘மிகை’ என்று தள்ளிவிடுவான். இரண்டாவதை அவன் தொட முடியாது. அதில் நாள் இருக்கிறது, இடம் இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது, காரணம் இருக்கிறது. முக்கியமாக, கொன்றது யார் என்பது இருக்கிறது. ‘44 பேர் உயிரிழந்தனர்’ என்று எழுதினால் அதுவும் நடுநிலை ஆகாது. செய்தவனை வாக்கியத்திலிருந்து எடுத்துவிடுவது ஒரு பக்கம் சாய்வதுதான். விமர்சனம் சொல்கிறவர் இந்த இரண்டு வகைத் தவறையும் ஒரே அளவுக்குச் சுட்ட வேண்டும்.

ஐந்தாவது, பேனாவை வாங்கக் கூடாது. ஒரு வாக்கியம் காட்டினால் போதும். மீதியை எழுதியவரே திருத்தட்டும். மெதுவாக நடக்கும், நடக்கட்டும்.

ஆறாவது, ஒரு கதவு மூடியிருந்தால் திறந்திருக்கும் கதவைக் காட்ட வேண்டும். நீக்குவதற்குப் பதில் எழுதியவரின் மணல்தொட்டிக்கு மாற்றி வைக்கலாம். அங்கே அவர் நிதானமாகச் சரிசெய்யலாம். தனிக்கட்டுரைக்குச் சான்று போதாதென்றால், ஏற்கெனவே உள்ள கட்டுரை ஒன்றில் இரண்டு வரி சேர்க்க வழிகாட்டலாம்.

அன்று அந்தத் தங்கைக்கு இப்படி யாராவது எழுதியிருக்கலாம்:

‘வணக்கம். உங்கள் கட்டுரையை முழுவதும் படித்தேன். பிடியரிசி சேர்த்து விளக்கெண்ணெய் வாங்கிய செய்தியை நான் வேறெங்கும் படித்ததில்லை. ஒரு சிக்கல் இருக்கிறது. இதில் உள்ளவற்றை வாசகர் சரிபார்க்க ஒரு நூலோ பத்திரிகைச் செய்தியோ குறிப்பிடப்படவில்லை. அது இல்லாமல் தனிக்கட்டுரை இங்கே நிற்காது, உங்கள் தாத்தாவின் உழைப்பின் மீதான தீர்ப்பு அல்ல இது. கட்டுரையை உங்கள் மணல்தொட்டியில் வைத்திருக்கிறேன், எதுவும் அழியவில்லை. சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் தொடங்கிய நந்தனார் பள்ளி பற்றி அச்சில் நிறைய இருக்கிறது. அங்கிருந்து தொடங்கினால் என்ன? தேடும்போது ஏதாவது புரியாவிட்டால் என் பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள்.’

எழுத ஐந்து நிமிடம் ஆகும். இதிலும் ‘முடியாது’ என்ற பதில்தான் இருக்கிறது. ஆனால் இதைப் படித்தவர் அடுத்த சனிக்கிழமை வருவார்.

வரும் மறுப்புகள்

‘நாங்களும் தன்னார்வலர்கள்தான். நாள்தோறும் வந்து குவியும் விளம்பரங்களுக்கும் நடிகர் துதிகளுக்கும் நடுவில் ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுத முடியுமா?’ நியாயமான கேள்வி. தமிழ்க் கலைக்களஞ்சியத்தைச் சம்பளம் வாங்காமல் இரவு பகலாகக் காத்தவர்கள் மீது எனக்கு மரியாதை உண்டு. ஒவ்வொருவருக்கும் எழுத வேண்டாம். கடைக்கு விளம்பரம் போடுகிறவருக்கும், முதன்முதலில் ஒரு கட்டுரை எழுதித் தடுமாறுகிறவருக்கும் வேறுபாடு ஒரு நிமிட வாசிப்பில் தெரிந்துவிடும். அந்த ஒரு நிமிடத்தைத்தான் கேட்கிறோம். மீதிச் சுமையைத் தனியாகச் சுமக்கவும் சொல்லவில்லை. நாங்களும் வருகிறோம், பயிற்சி எடுத்துக்கொண்டு வருகிறோம்.

‘எங்களையும் இப்படித்தான் விரட்டினார்கள், நாங்கள் தாங்கிக்கொண்டு கற்றோம்.’ இது மறுப்பே அல்ல. ராகிங் செய்யும் மூத்த மாணவர்கள் சொல்லும் காரணம் இது. தாங்கிக்கொண்டவர்கள் இங்கே இருக்கிறீர்கள். தாங்க முடியாமல் போனவர்கள் வந்து சாட்சி சொல்ல மாட்டார்கள்.

‘வாய்மொழி வரலாறுதான் நம் சான்று, அச்சை ஏன் கேட்க வேண்டும்?’ இது நம் பக்கத்திலிருந்து வரும் மறுப்பு. அச்சேறாதவர்களின் அறிவை எப்படி மேற்கோள் காட்டுவது என்று அச்சல் பிரபலாவும் அவருடன் சேர்ந்தவர்களும் 2011இல் முயன்றார்கள். மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செபெடி மொழிகளில் மக்களின் பேச்சைப் பதிவு செய்து அதையே சான்றாக வைத்தார்கள். முக்கியமான முயற்சி அது. அந்த விவாதத்தைத் தொடர வேண்டும். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. தாத்தாவிடம் படித்தவர்கள் இன்னும் உயிரோடு இருந்தால், பேட்டி எடுங்கள். பழைய நிழற்படத்தையும் வருகைப் பதிவேட்டையும் படியெடுத்து வையுங்கள். ஒரு சிற்றிதழிலோ ஆய்விதழிலோ, ஆசிரியர் குழு சரிபார்க்கும் இடத்தில், வெளியிடுங்கள். நாமே வலைப்பூவில் எழுதி நாமே மேற்கோள் காட்டுவது குறுக்கு வழி, அது நிற்காது, நிற்கவும் கூடாது. கலைக்களஞ்சியம் கடைசிப் படி. முதல் படிகள் நம் கையில் இருக்கின்றன.

‘விமர்சனம் என்ற பெயரில் நம் கருத்தையே மாற்றச் சொன்னால்?’ அப்படியும் நடக்கும். அதற்கு ஓர் அளவுகோல் இருக்கிறது. நீங்கள் எழுதியதற்குச் சான்று கேட்டால் அது விமர்சனம், கொடுங்கள். சான்று கொடுத்த பிறகும் அதை எடுக்கச் சொன்னால் அது தணிக்கை, எதிர்த்து நில்லுங்கள். பேச்சுப் பக்கத்தில், பெயர் தெரிய, நிதானமாக. லாகூர்க்காரர்கள் அம்பேத்கரிடம் சான்று கேட்கவில்லை.

இந்தச் சனிக்கிழமை

இரண்டு மாதம் கழித்து அந்தத் தங்கையைப் போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். ‘அருமை’ என்று சொன்னது பொய், அந்தக் கட்டுரை நிற்காது என்று எனக்கு அன்றே தெரியும் என்றேன். அவளுக்குக் கோபம் வந்தது. நீக்கியவர் மீது வந்ததைவிட அதிகமாக என் மீது வந்தது. “அதை அன்னைக்கே சொல்லிருக்கலாமே அண்ணா, நான் என்ன அழுதுருவேனா?” என்றாள்.

பிறகு இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். தாத்தாவைப் பற்றித் தனிக்கட்டுரை எழுத இன்றைக்கு வழியில்லை. அதை அவளிடம் அப்படியே சொன்னேன். நந்தனார் பள்ளி பற்றி எழுத வழி இருக்கிறது. தாத்தாவிடம் படித்த மூன்று பேர் ஊரில் இருக்கிறார்கள், அவர்களைப் பேட்டி எடுக்க அவள் நாள் குறித்திருக்கிறாள். அது ஓர் இதழில் வர வேண்டும். வந்தால், பிறகு ஒரு நாள், தாத்தாவின் பெயர் அந்தப் பக்கத்தில் ஒரு வரியாக இடம்பெறலாம். இடம்பெறாமலும் போகலாம்.

வருவதாகச் சொல்லியிருக்கிறாள், ஒரு நிபந்தனையோடு. படித்துவிட்டு ‘அருமை’ என்று மட்டும் சொன்னால் எழுந்து போய்விடுவாளாம்.

தோழர்களே, உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருப்பார். முதல் கட்டுரையை எழுதிவிட்டுக் கைப்பேசியை உங்களிடம் நீட்டுவார். இதயக்குறி போட்டுவிட்டு நகராதீர்கள். முழுவதும் படியுங்கள். நிற்காதது எது, ஏன் நிற்காது, எங்கே தேடினால் கிடைக்கும் என்று சொல்லுங்கள். உங்களுக்கே தெரியாவிட்டால் சேர்ந்து தேடுங்கள். நூற்றாண்டுகளாக நமக்குச் சொல்லித்தர மறுத்தார்கள். நம்மிடம் கேட்டு வருகிறவருக்கு நாமும் மறுக்கக் கூடாது.